வெள்ளைப் பின்னணியும் கருத்த முகமும்

விசாவுக்குப் படம் எடுக்கப் போனால் ஸ்டூடியோக்காரர் பல நேரம் கேட்காமலே நம் முகத்தை வெளுக்க வைத்துவிடுகிறார். உதவி செய்வதாகவே நினைக்கிறார். கருப்பும் சாதியும் ஒன்றல்ல. ஆனால் கருப்பைப் பார்த்ததும் சாதியைக் கணக்குப் போடும் ஊரில் அந்த 'உதவி' எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். அமெரிக்க விசாவுக்கோ தோற்றத்தை மாற்றித் திருத்திய படம் செல்லாது. உதவித்தொகை வாங்கி, பல்கலைக்கழகத்தில் இடமும் வாங்கி, 2 அங்குலச் சதுரப் படத்தில் இடறி நிற்கும் நம் மாணவர்கள் இந்தப் படத்தின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் உலகப்போர் தொடங்கும் வரை பெரும்பாலான நாடுகளில் கடவுச்சீட்டுக்குப் படம் தேவைப்படவில்லை. கார்ல் லோடி என்ற ஜெர்மன் உளவாளி ஓர் அமெரிக்கரின் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு பிரிட்டனில் உலவினார். 1914 நவம்பரில் லண்டன் டவரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டின் இறுதியில் அமெரிக்காவும், 1915-இல் பிரிட்டனும் படத்தைக் கட்டாயமாக்கின. ஆரம்பத்தில் தொப்பியோடு எடுத்த படத்தைக்கூட ஒட்டினார்கள். போர் முடிந்தும் படம் போகவில்லை. இந்தியாவுக்கு 1920-இல் கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது. யாருக்குக் கடவுச்சீட்டு தருவது என்பது 1967 வரை அரசின் விருப்பமாகவே இருந்தது. அந்த ஆண்டு சத்வந்த் சிங் வழக்கில்தான் வெளிநாடு செல்வது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

நாம் அதிகம் பேச வேண்டியது தென்னாப்பிரிக்காவைப் பற்றி. அங்கே 16 வயதுக்கு மேற்பட்ட கறுப்பர்கள் படம் ஒட்டிய பாஸ் புத்தகத்தைச் சுமந்தே திரிய வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் சிறை. அந்தச் சட்டத்தை எதிர்த்து 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் கூடியவர்களில் 69 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அந்தப் புத்தகங்களுக்கான படங்களை எடுக்கப் போலராய்டு கருவிகள் பயன்பட்டன. இருட்டான முகம் தெளிவாக விழுவதற்காக ஃபிளாஷைக் கூட்டும் பொத்தானும் போலராய்டின் ஐடி-2 கேமராவில் இருந்தது. கருத்த முகத்துக்கு வெளிச்சம் பத்தாது என்பது தெரியாமல் இல்லை. அந்த அறிவு யாருக்குப் பயன்பட்டது என்பதுதான் கேள்வி.

1970-இல் அந்த நிறுவனத்தின் அமெரிக்க அலுவலகத்தில் வேலை பார்த்த கரோலின் ஹண்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள் தென்னாப்பிரிக்கச் சுரங்கத் துறைக்கான மாதிரி அடையாள அட்டை ஒன்றைத் தற்செயலாகப் பார்த்தார்கள். துண்டறிக்கை ஒட்டினார்கள், புறக்கணிப்புக்கு அழைத்தார்கள். ஹண்டருக்கு வேலை போனது. 1977-இல் போலராய்டு தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. ஏழு ஆண்டுகள்! தொடங்கியவர்கள் இரண்டே பேர் என்பதை மறக்க வேண்டாம்.

சாதாரண ஸ்டூடியோக்களிலும் பாகுபாடு இருந்தது. கோடாக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்க அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். அந்தத் தோலுக்குச் சரியாக இருந்தால் படம் சரி. இன்று கணினி சரிபார்க்கிறது. பிரிட்டனின் இணையவழிக் கடவுச்சீட்டுப் பட சோதனையை 2020-இல் பிபிசி ஆராய்ந்தது. கருத்த பெண்களின் படங்களில் 22 சதவீதத்தைத் தரமில்லை என்றது அந்தக் கணினி. வெளுத்த ஆண்களுக்கு 9 சதவீதம்.

இதற்குள் ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் தானியங்கிக் கேமரா மொத்த வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகம் மேலும் இருண்டு கண்ணும் புருவமும் கரைந்துபோகும். ஆகவே தோழர்களே, வெளிச்சத்தை முகத்துக்கு அளந்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். முன்னாலிருந்து விளக்கு, இரண்டு பக்கமும் சமமாக. நிழல் விழாதபடி சுவரிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி உட்காருங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம், கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். அமெரிக்காவுக்கு 51-க்கு 51 மில்லிமீட்டர், ஷெங்கனுக்கு 35-க்கு 45. படம் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். 'டச்சப்' செய்யாத ஒரிஜினல் ஃபைலைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் பணம் கொடுக்கும் முன்பே வேறு கடைக்குப் போங்கள்.