உடம்பில் செல் துண்டோடு வெளிநாடு போகிறவர்களுக்கு

ரொறன்ரோவில் அண்ணா வீட்டுக்குப் போன ஐந்தாம் நாள் அம்மாவுக்குத் தலை சுற்றியது. நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தார். 911க்கு அழைத்தோம். மூளையில் இரத்தக்குழாய் அடைப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ ஸ்கான் எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன் ஒரு படிவம் தந்தார்கள். பேஸ்மேக்கர் உண்டா, சத்திரசிகிச்சையில் உலோகம் வைத்திருக்கிறதா, உடம்புக்குள் உலோகத் துண்டு ஏதும் இருக்கிறதா? அண்ணா ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டு நிரப்பினார். கடைசிக் கேள்விக்கு அம்மா "இல்லை" என்றார்.

2009 ஏப்ரலில் அம்மாவின் இடது இடுப்பில் ஏறிய செல் துண்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அண்ணா அதற்கு முன்பே நாட்டை விட்டுப் போனவர், அவருக்கு இது தெரியாது. நான்தான் தாதியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஏன் பிள்ளை சொன்னனி? திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்" என்றார் அம்மா. முகாமிலும் சோதனைச் சாவடிகளிலும் ஒவ்வொரு காயத்துக்கும் விளக்கம் சொல்லிப் பழகியவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்த "இல்லை" ஆபத்தானது. எம்.ஆர்.ஐ இயந்திரத்தின் காந்தம் படம் எடுக்காத நேரத்திலும் வேலை செய்துகொண்டே இருக்கும். எறிகணைத் துண்டுகளில் பெரும்பாலானவை இரும்பு கலந்தவை, காந்தம் அவற்றை இழுக்கக்கூடும், சூடாக்கவும் கூடும். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றின் அருகில் இருந்தால்தான் பயம் அதிகம். பல வருடமாகத் தசைக்குள் ஆழமாக இருந்து சுற்றிவரத் தழும்பு பிடித்த துண்டு அவ்வளவு இலகுவில் அசையாது. இருந்தாலும் அதை முடிவு செய்ய வேண்டியவர் கதிரியக்க மருத்துவர், நாங்கள் அல்ல. எக்ஸ்றே, சி.ரி ஸ்கான் இரண்டிலும் காந்தம் இல்லை, ஆகவே அவற்றால் துண்டு அசையாது. அம்மாவுக்கும் முதலில் இடுப்பில் எக்ஸ்றே எடுத்துப் பார்த்துவிட்டுத் தலைக்குச் சி.ரி எடுத்தார்கள். அடைப்பு இல்லை, உட்காதில்தான் பிரச்சினை. அடுத்த நாளே வீட்டுக்கு விட்டார்கள்.

இதை இங்கேயே ஆயத்தம் செய்திருக்கலாம். 2009இல் எடுத்த படங்களும் துண்டுகளும் எங்கள் பலரிடம் இல்லை, இடம்பெயர்வோடு போய்விட்டன. பயணத்துக்கு முன் புதிதாக ஒரு எக்ஸ்றே எடுத்து, அதன் அறிக்கையோடு மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். துண்டு எந்த இடத்தில், எத்தனை, என்ன அளவு, எலும்புக்கோ நரம்புக்கோ எவ்வளவு கிட்ட என்பவைதான் அதில் வேண்டும். எப்படிக் காயப்பட்டது, எங்கே, யாருடைய செல் என்பதெல்லாம் ஸ்கான் எடுப்பவருக்குத் தேவையில்லை. 'உடம்புக்குள் உலோகத் துண்டு' என்ற அளவு போதும். ஒன்ராறியோவில் நோயாளியின் தகவலைப் பாதுகாக்க 2004ஆம் ஆண்டின் சட்டமே இருக்கிறது. அம்மாவுக்கு இதைச் சொல்லி நம்பவைக்க இரண்டு நாள் எடுத்தது.

விமான நிலையத்தில் எல்லாரும் பயப்படும் அளவுக்கு ஒன்றும் நடப்பதில்லை. கைகளை உயர்த்தி நிற்கச் சொல்லும் ஸ்கானர் தோலின் மேற்பரப்பைத்தான் பார்க்கும், உள்ளே இருக்கும் துண்டு அதற்குத் தெரியாது. உலோகம் கண்டுபிடிக்கும் வாசல் சத்தம் போட்டால் கடிதத்தைக் காட்டுங்கள். பெண்கள் பெண் அதிகாரியையும் தனி அறையையும் கேட்கலாம். செயற்கைக் கால் போட்டவர்கள் வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. நீண்ட பறப்பில் காலைக் கழற்றி வைத்தால் மிச்சக் கால் வீங்கி, இறங்கும்போது திரும்பப் போட முடியாமல் போகலாம். கழற்றத்தான் வேண்டுமென்றால் இறுக்கமான உறையைப் போட்டிருங்கள், ஊன்றுகோலையும் மறக்காதீர்கள்.

குளிசை விடயத்தில் எங்கள் பழக்கம் வெளிநாட்டுக்குச் சரிவராது. அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் குளிசையை எண்ணிச் சின்னக் கடதாசி உறையில் போட்டுத் தருவார்கள். மேலே கிறுக்கியிருப்பதை வேறு நாட்டு அதிகாரியால் வாசிக்க முடியாது. பயணத்துக்கு மட்டுமாவது மருந்தின் பெயர் அச்சிட்ட அட்டையோடு வாங்குங்கள். கிளினிக் கொப்பியின் பிரதியும், கம்பனிப் பெயரில்லாமல் மருந்தின் பொதுப் பெயர் எழுதிய சிட்டையும் கூடவே இருக்கட்டும். நரம்பு நோவுக்கும் காயத்து நோவுக்கும் எங்கள் ஆட்கள் பலர் பாவிக்கும் ரமடோல், பிறிகபலின் இரண்டுமே ஐக்கிய அரபு இராச்சியத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். டுபாயில் இறங்கி வெளியே போக நினைப்பவர் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் இன்சுலினைக் கைப்பொதியில்தான் கொண்டுபோக வேண்டும். கீழே சரக்கோடு போனால் உறையக்கூடும், உறைந்த இன்சுலின் உதவாது. திரவத்துக்கான 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு மருந்துக்கு இல்லை, கடிதம் மட்டும் இருக்க வேண்டும். கனடாவுக்குப் பறக்கும்போது நாள் ஒன்பதரை, பத்தரை மணித்தியாலம் நீளும். எந்த நேரம் எவ்வளவு போடுவது என்பதைப் புறப்படுமுன் உங்கள் மருத்துவரிடமே கேட்டு எழுதி வையுங்கள்.

காப்புறுதியை ஒரு சடங்காக நினைத்து விலை குறைந்ததை எடுக்காதீர்கள். ஷெங்கன் விசாவுக்கு ஆகக் குறைந்தது 30,000 யூரோ காப்புறுதி வேண்டும். பிள்ளைகளிடம் கனடா போகும் பெற்றோருக்கான சுப்பர் விசாவுக்கு 100,000 கனேடிய டொலர், ஒரு வருடத்துக்கு. முன்பே இருக்கும் வருத்தங்களைச் சில காப்புறுதிகள் ஏற்காது. ஏற்பவையும் பயணத்துக்கு முந்தைய 90 அல்லது 180 நாள் போன்ற ஒரு காலத்தில் மருந்தின் அளவு மாறியிருந்தால் பணம் தர மறுக்கலாம். அம்மாவின் படிவத்தை அண்ணா ரொறன்ரோவில் இருந்தே நிரப்பியிருந்தார், பிரசர் குளிசை கூட்டப்பட்டது அவருக்குத் தெரியாது. சின்ன வருத்தத்தோடு தப்பினோம், பெரிய பில் வந்திருந்தால் வீட்டை ஈடு வைத்திருப்போம்.

இன்னொன்று. பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைத்து இதையெல்லாம் கேட்கக் கூடாது என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். மகனுக்கு மறைத்த காயத்தை மகனின் வாயாலேயே எப்படிச் சொல்வது? மேற்கு நாடுகளின் பெரிய வைத்தியசாலைகள் பலவற்றில் தொலைபேசி வழியே தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தருவார்கள், ஆனால் நாங்கள் கேட்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் அதற்கென்றே 131 450 என்ற தேசிய இலக்கம் இருக்கிறது. நாங்களும் கேட்டோம். அண்ணா தேத்தண்ணி வாங்கப் போனார். தொலைபேசியில் முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் அம்மா திகதியையும் இடத்தையும், தன்னை யார் தூக்கி வந்தார்கள் என்பதையும் சொன்னார். அதில் பாதி எனக்கும் புதிது.