தேறலும் கள்ளும்: வேனிற் குடிவகைகள் பற்றிய ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

வேனிலுக்கு ஏற்ற, அதிகம் அறியப்படாத மதுவகை எது என்னும் வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து நாச்சுவை பற்றியதாகவே தோன்றும். எனினும் ஒரு பானத்தின் மதிப்பை, அதனை ஆக்குவோருக்கும் அருந்துவோருக்கும் இடையிலான உறவே பெரிதும் நிர்ணயித்து வந்துள்ளது என்பது எமது கருத்தாகும்.

சங்கச் செய்யுள்களிலேயே இதற்குச் சான்றுண்டு. புறநானூற்றின் 235 ஆம் செய்யுளில், மறைந்த அதியமானை எண்ணி இரங்கும் ஔவையார், அவன் தம்முடன் கள்ளைப் பகிர்ந்துண்ட பாங்கை நினைவுகூருகிறார். 56 ஆம் செய்யுளில் நக்கீரர், யவனர் கொணர்ந்த குளிர்ந்த நறுந்தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர நாளும் உண்ணுமாறு பாண்டியனை வாழ்த்துகிறார். முன்னையது குலத்தலைவனின் பகிர்வு. பின்னையது வாணிகத்தால் வலுப்பெற்ற வேந்தனின் நுகர்வு. கி.பி. முதலாம் நூற்றாண்டினதான எரித்திரியக் கடற்பயண நூல், முசிறியில் இறங்கிய வைன் சிறிதளவே என்று கூறும். அருமையே பெருமைக்கு ஏதுவாயிற்று எனலாம்.

கொழும்பிலும் இத்தருக்கமே செயற்பட்டது. கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளியும் வெள்ளவத்தை உத்தியோகத்தரும் வழங்கும் 'தவறணை' என்னும் சொல் போர்த்துக்கேயர் வழி வந்தது. ஆயின் யாழ்ப்பாணத்துப் பனங்கள் அவ்வளவு எளிதாகக் கொழும்பை எட்டவில்லை. பாளையிலிருந்து வடியும் சாறு முட்டியிலேயே தானாகப் புளிக்கத் தொடங்கும். ஓரிரு நாளில் காடியாகிவிடும். வடித்தெடுத்த சாராயமோ நெடுநாள் நிற்கும், தொலைவு செல்லும், வரி விதிப்பதற்கும் வாய்ப்பானது. எனவே ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் சாராயக் குத்தகையைப் பேணினர். அக்குத்தகை வழியே இலங்கையில் ஒரு முதலாளி வர்க்கம் மூலதனம் திரட்டியமையைக் குமாரி ஜயவர்த்தன விரிவாக ஆராய்ந்துள்ளார். 1912 இன் மதுவரிக் கட்டளைச் சட்டம் இத்துறையை அரசின் நேரடிக் கட்டுப்பாட்டுள் மேலும் இறுக்கியது.

இவ்வாறு சந்தை புறக்கணித்த பனங்கள்ளே வேனிலுக்கு மிகப் பொருந்துவது. பனை சீவும் காலமும் வெயிற்காலமும் பெரிதும் ஒன்றே. அதன் மதுசாரம் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து வீதம். சாராயத்திலோ மூன்றிலொரு பங்கு. புதிதாய் இறக்கியதன் இனிமையும் மெல்லிய புளிப்பும் வைனை மட்டுமே அறிந்தோர்க்குப் புதுமையானவை. மலைநாட்டுக் கித்துள் கள்ளும் இவ்வாறே உரிய மதிப்புப் பெறாதது.

ஆயினும் சுவையை மட்டும் போற்றி அமைதல் தகாது. சீவல் தொழிலாளரைத் தீண்டாதோர் என ஒதுக்கிய யாழ்ப்பாணத்துச் சமூகம், தன் கிணற்றில் நீரள்ள அவர்களை விடவில்லை. அவர்கள் இறக்கிய கள்ளைப் பிளாவில் ஏந்திப் பருகவோ அது கூசவில்லை. நீருக்குத் தீட்டு, கள்ளுக்கு விலக்கு. சாதியாசாரம் உழைப்பைச் சுரண்டுவதற்கு எத்துணை நெகிழ்ந்து கொடுத்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1978 இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. போத்தலில் அடைத்த பனங்கள்ளும் இன்று விற்பனைக்கு உண்டு. அதனைத் தெரிந்தெடுப்போர், மரமேறியவனின் கூலியையும் மதிப்பையும் சேர்த்தே வினவுதல் வேண்டும். அவ்வினா எழாதவரை, நாம் நக்கீரரின் பொற்கலத்தைப் போற்றுகிறோமேயன்றி, ஔவை நினைந்த பகிர்வை இன்னும் எய்தவில்லை.