எரிந்த மனையும் எழுந்த நன்றியும்

நன்றி கூறல் நல்வாழ்வு பெற்றோர்க்கே எளிதென்பர். வட அமெரிக்காவில் வாழ்ந்த ஆன் பிராட்ஸ்ட்ரீட் அம்மையாரின் வரலாறு இக்கூற்றைச் சிந்திக்க வைக்கின்றது.

1612இல் இங்கிலாந்திற் பிறந்த இவ்வம்மையார், 1630இல் கணவர் சைமனுடனும் பெற்றோருடனும் மசச்சூசெற்ஸ் குடியேற்றத்தை அடைந்தார். தூய்மைவாதக் கிறித்தவராகிய அம்மக்களைப் பசியும் குளிரும் நோயும் வருத்தின. எட்டுப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த இவ்வில்லத்தரசி, வீட்டு வேலைகளுக்கிடையே கவிதையும் எழுதினார். தமது காய்ச்சல் தணிந்தமை, மகன் கடல்கடந்து திரும்பியமை, 1662இல் கணவர் இங்கிலாந்திலிருந்து நலமே மீண்டமை ஆகிய ஒவ்வொன்றிற்கும் இறைவனுக்கு நன்றி கூறிப் பாட்டெழுதி வைத்தார்.

1666 யூலை 10ஆம் நாள் இரவு அவர்தம் இல்லம் தீக்கிரையாயிற்று. அதனைக் குறித்தும் பாடினார். பெட்டிகள் இருந்த இடத்தையும், விருந்தினர் இனி அமர்ந்துண்ணாத மேசையையும் எண்ணி அப்பாட்டிலே மனம்விட்டு வருந்துகின்றார். தந்தவரே எடுத்துக்கொண்டார் எனத் தேறி இறைவனைத் துதிக்கின்றார். தனித்தாளொன்றில் அவர் எழுதிய அப்பாட்டை மகன் படியெடுத்துக் காத்தார்.

1672இல் அம்மையார் மறைந்தார். அவர் தமது துயரை மறைக்கவில்லை; அதனூடே நின்று நன்றி கூறினார். சிறு நன்மைகளையும் மறவாது போற்றிப் பழகிய உள்ளமே அப்பேரிழப்பைத் தாங்கிற்று எனலாம்.