ஒரே அட்டிகை, இரண்டு தராசு

அம்மாவின் கெம்புக்கல் அட்டிகையை ஒரே வாரத்தில் இரண்டு இடங்களில் எடை போட்டேன். ஒன்று வங்கியின் நகைக்கடன் பிரிவு, மற்றொன்று நகைக்கடையின் பழைய நகை கவுன்ட்டர். இரண்டு தராசும் 32 கிராம் என்றே காட்டின. அதற்குப் பிறகுதான் கணக்கு வேறானது.

வங்கியில் மதிப்பீட்டாளர் கொக்கியின் பின்புறத்தை உரைகல்லில் லேசாக இழுத்தார். கருங்கல்லில் விழுந்த மஞ்சள் கோட்டின் மேல் ஒரு சொட்டு அமிலம். கோடு கரைகிறதா என்று குனிந்து பார்த்தார். கரையவில்லை. கல்லுக்கும் அதனடியில் நிரப்பிய அரக்குக்கும் 9 கிராம் கழித்து, நிகர எடை 23 என்று சீட்டில் எழுதினார். எல்லாம் என் கண்ணெதிரில். கடன் வாங்குபவர் முன்னால்தான் சோதிக்க வேண்டும் என்று 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளும் சொல்கின்றன. விலைக்கும் அதில் வரையறை உண்டு: முந்தைய 30 நாள் சராசரி, முந்தைய நாள் விலை, இரண்டில் எது குறைவோ அது. கடன் 2.5 லட்சம் வரை என்றால் மதிப்பில் 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75.

கடையில் உரைகல் இல்லை. எக்ஸ்ரே இயந்திரம் சில நொடிகளில் தங்கத்தின் தரத்தைச் சொல்லிவிட்டது. ஆனால் அது கதிர் பட்ட இடத்தின் தரம் மட்டுமே. பற்றவைத்த இடங்களில் குறையலாம். "கல்லை எடுத்து உருக்கினாத்தான் மேடம் நெட் வெயிட் தெரியும்" என்றார் விற்பனையாளர். உருக்கிய பிறகு விலை கட்டவில்லை என்று திரும்ப வாங்கினால் கைக்கு வருவது தங்கக் கட்டிதான், அட்டிகை அல்ல.

புது நகையாக மாற்றினால் அன்றைய விலையை முழுதாகத் தருவதால் கடைதான் லாபம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. வீட்டுக்கு வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 23 கிராமும் 22 காரட் என்றே வைத்துக்கொள்வோம். 18 சதவீதச் சேதாரமும் 3 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால், கைக்காசு போடாமல் எடுக்கக்கூடிய புது நகை 19 கிராம்கூட வராது. அரை சவரன் போய்விடுகிறது. அம்மா அன்று கொடுத்த செய்கூலி, சேதாரம் எதற்கும் கணக்கே இல்லை.

கெம்புக்கு இரண்டு இடத்திலும் மதிப்பு பூஜ்யம். அதை நினைத்தால் மனசு ஆறவில்லை; ஒவ்வொரு கல்லையும் குழியில் பதித்த பத்தரின் கைவேலைதானே அந்த அட்டிகை! ஆனாலும் வங்கி அந்த வேலையைக் கலைக்காமல் பூட்டி வைக்கிறது. வட்டியை விட்டுவிட்டால் ஏலம் வரும், அந்தப் பயம் உண்மையானது. பணத்தேவை தற்காலிகம், திருப்ப வழி இருக்கிறது என்றால் குறைவாகத் தரும் தராசையே நான் நம்புவேன்.

வங்கியிலேயே அடகு வைத்து, பதினோராம் மாதம் மீட்டேன். கல் ஒன்றும் உதிரவில்லை. கொக்கியின் பின்னால் மட்டும், உரைகல்லில் இழுத்த இடம் கொஞ்சம் பளபளத்தது.