மேயும் வாயும் எரியும் புல்லும்: வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ், நீலகிரி, முதுமலை

2018 ஜூலை 15 அன்று கிழக்கு லண்டனின் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் புல்வெளி பற்றிக்கொண்டது. ஏறத்தாழ 100 ஹெக்டேர் எரிந்தது. 40 தீயணைப்பு வண்டிகளும் 225 வீரர்களும் வந்தார்கள். லண்டன் அதுவரை கண்டதில் மிகப் பெரிய புல்வெளித் தீ அது. லண்டனின் லீ ஆற்றையும் அதையொட்டிய நீர்த்தேக்கங்களையும் கிழக்கே கடந்தால் எப்பிங் காட்டின் நிலங்கள் தொடங்கும். அவற்றின் தென்முனையில் கிடப்பது இந்தப் புல்வெளி. அந்தக் கோடையின் நெடிய வறட்சிதான் காரணம் என்பது பொதுவான விளக்கம். அது சரி, ஆனால் பாதிதான் சரி. வறட்சி புல்லைக் காயவைக்கும். காய்வதற்கு அங்கே அவ்வளவு புல் ஏன் நின்றது என்ற கேள்விக்கு வானிலைப் பதிவேட்டில் விடை கிடைக்காது. மேய்ச்சலின் வரலாற்றில்தான் தேட வேண்டும்.

1878ஆம் ஆண்டின் எப்பிங் காட்டுச் சட்டம் சுற்றுவட்டாரக் குடிகளின் மேய்ச்சல் உரிமையைக் காத்தது. மாடுகள் வான்ஸ்டெட் தெருக்கள்வரை சுதந்திரமாகத் திரிந்தன. 1996இல் மாட்டுப் பைத்திய நோய் நெருக்கடியோடு அந்தத் திரிதல் நின்றுபோனது. அதற்கு முன்பே இன்னொரு வாய் மூடியிருந்தது. 1953இல் பிரிட்டனை எட்டிய மிக்சோமடோசிஸ் என்ற முயல் நோய், ஓரிரு ஆண்டுகளில் நாட்டின் முயல்களைப் பெரும்பாலும் அழித்துவிட்டது. அதன் விளைவை நன்கு காட்டுவது ஒரு பட்டாம்பூச்சி. முயல்கள் கொறிக்காததால் தென் இங்கிலாந்தின் புல்வெளிகள் உயர்ந்தன. நிழல் விழுந்து மண் குளிர்ந்தது. வெதுவெதுப்பான மண்ணை நாடும் ஒருவகைச் சிவப்பெறும்பு குறைந்தது. அந்த எறும்புப் புற்றில் வளரும் பெரிய நீலப் பட்டாம்பூச்சி 1979இல் பிரிட்டனிலிருந்து மறைந்தது. புல்லின் உயரத்தை முயலின் பல் தீர்மானித்திருந்தது என்பதை முயல் போன பிறகே ஜெரமி தாமஸ் போன்ற ஆய்வாளர்களால் நிறுவ முடிந்தது.

சூழலியலாளர்கள் வில்லியம் பாண்டும் ஜான் கீலியும் 2005இல் தீயையே உலகளாவியதொரு தாவர உண்ணியாகக் கருத வேண்டும் என்று வாதிட்டார்கள். இந்தக் கருத்தின் வலு, அது காட்டும் வேறுபாட்டில் இருக்கிறது. மாடு பசுந்தளிரைத் தேடித் தின்னும்; புரதம் இல்லாத காய்ந்த தாள் அதற்கு வேண்டாம். தீக்கு அந்தத் தாள்தான் முதல் உணவு. மாடு விட்டது தீக்குப் போகும். தீ எரித்த இடத்தில் துளிர்ப்பது மீண்டும் மாட்டை இழுக்கும். ஒரே நிலத்தின் விளைச்சலுக்கு இருவரும் பங்காளிகள்.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்கவை உண்டு. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கானிங்ஸ்பியில் வெப்பம் 40.3 பாகை செல்சியஸைத் தொட்டது. லண்டன் தீயணைப்புத் துறைக்கு இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதுவே மிகக் கடுமையான நாள். அப்படிப்பட்ட நாளில் குட்டைப் புல்லும் எரியும். மேலும், வான்ஸ்டெட்டில் தரையில் கூடு கட்டும் வானம்பாடிகள் இருக்கின்றன. அவற்றுக்கு 20 முதல் 50 சென்டிமீட்டர்வரை உயர்ந்த புல் வேண்டும். கூடு கட்டும் பருவத்தில் மாட்டை விட்டால் குளம்பு முட்டையை மிதிக்கும். புல்லை அப்படியே விட்டால் ஜூலைத் தீ குஞ்சை எரிக்கும். 2021 முதல் அப்பருவத்தில் தற்காலிக வேலி போடுகிறார்கள். மனிதரையும் நாயையும் அது தடுக்கிறது, நல்லதே. ஆனால் வேலிக்குள் சேரும் காய்ந்த தாளை வேலி குறைப்பதில்லை. பறவைகள் குஞ்சு பொரித்து முடித்தபின், இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும், சாலையோரங்களை முதன்மையாக வைத்து மாடுகளை மேயவிடுவதே இரண்டு தேவைக்கும் இடம் தரும் வழி என்பது என் துணிபு. எப்பிங் காட்டின் வேறு பகுதிகளில் லாங்ஹார்ன் மாடுகள் மேய்வதால் இது புதுமையான யோசனையும் அல்ல.

பிரிட்டனின் அமில மண் நிலங்களில் மஞ்சளாகப் பூக்கும் கோர்ஸ் முட்புதர், இந்த உறவின் நுட்பத்தை இன்னும் தெளிவாகக் காட்டும். அதன் உள்கிளைகளில் காய்ந்த முட்கள் உதிராமல் தங்குவதால் எளிதில் பற்றும். எரிந்தபின் அடிக்கட்டையிலிருந்து தழைக்கும். விதையில் ஒட்டியிருக்கும் கொழுப்புத் துணுக்குக்காக எறும்புகள் அதைத் தூக்கிச் சென்று மண்ணுக்குள் விடுகின்றன. மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது. சில சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும் விதை கருகாமல், தடித்த உறை மட்டும் தளர்ந்து முளைக்கும். ஆக, தீக்குப் பிந்தைய தலைமுறையை எறும்பு முன்கூட்டியே புதைத்து வைத்திருக்கிறது. அந்த இளந்தளிரை முயலும் மட்டக்குதிரையும் தின்று மட்டுப்படுத்தும்.

இந்தச் செடியை ஆங்கிலேயர்கள் நீலகிரிக்கும் இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளிக்கும் கொண்டுவந்தார்கள். அதன் உறவான ப்ரூம் செடியும் நீலகிரிக்கு வந்தது. செடிகள் வந்தன, அவற்றை ஆண்டுதோறும் மட்டுப்படுத்திவந்த மந்தைகள் உடன் வரவில்லை. இன்று இரண்டும் மலைப் புல்வெளியை ஆக்கிரமிக்கும் களைகளாக நிற்கின்றன. எரித்து ஒழிக்கலாம் என்று எண்ணினால் மண்ணிலிருக்கும் விதைகளையே எழுப்பிவிடுவோம்.

முதுமலையில் சிக்கல் வேறு. அங்குள்ள உண்ணிச்செடி கால்நடைக்கு நஞ்சு. பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்புகின்றன. புல்லை மான் மேய்ந்துவிடும், உண்ணிச்செடி நிற்கும். எனவே மேய்ச்சல் தீயைக் குறைக்கும் என்ற வான்ஸ்டெட் விதியை இங்கே அப்படியே பொருத்துவது தவறு. தீக்குப்பின் உண்ணிச்செடி தழைக்கிறது, தழைத்தது அடுத்த தீக்கு விறகாகிறது என்ற சுழற்சிக் கருதுகோளை அங்கிலா ஹிரேமத்தும் பரத் சுந்தரமும் 2005இல் முன்வைத்தனர். சத்தியமங்கலத்தை ஒட்டிய பிலிகிரி ரங்கன மலையின் சோலிகர் பழங்குடியினர் சொல்வது இதற்கு மாறாகத் தெரியும். 1974இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபின் தாங்கள் வைத்துவந்த சருகுத் தீ நிறுத்தப்பட்டதால்தான் உண்ணிச்செடியும், நெல்லி மரத்தில் புல்லுருவியும் பெருகின என்பது அவர்கள் வாதம். புல்லுருவியைப் பரப்புவது பூக்கொத்திக் குருவி. பரவியதைக் கட்டுக்குள் வைத்தது தீ என்கிறார்கள்.

இரண்டும் முரண்பட வேண்டியதில்லை. சோலிகர் 'தரகு பெங்கி' என்று அழைத்த அது, கோடை முற்றுமுன், புல்லும் சருகும் மட்டும் இருந்த தரையில் தாழ ஓடிய தீ. இன்றைய தீ கோடை உச்சத்தில், ஆளுயர உண்ணிப் புதரில் ஏறி எரிவது. புள்ளிமானும் கேளையாடும் சருகுமானும் நெல்லிக்காயைத் தின்று, அசைபோடும்போது கொட்டையை வேறிடத்தில் துப்புவதை முதுமலையில் சௌம்யா பிரசாத் குழுவினர் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் கொட்டை விழும் தரை எந்தத் தீயைக் கண்டது என்பதைப் பொறுத்தே நாற்று பிழைக்கும். ஆகவே தீத்தடுப்புக் கோடு வெட்டுவதோடு நிற்காமல், புதர் அகற்றிய சிறு பகுதிகளில் முன்பருவச் சருகுத் தீயை சோலிகரின் வழிகாட்டலில் வைத்து, மான் நுழையும் பாத்திகளையும் நுழையாத பாத்திகளையும் அருகருகே ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் கவனிக்கும் ஆய்வை வனத்துறை அனுமதிக்க வேண்டும்.