சாவி யாரிடம் இருக்கிறது?

அமெரிக்காவில் இன்று அறிவுத்திறன் குறைபாடும் வளர்ச்சிக் குறைபாடும் உடையவர்களுக்கு உறைவிடச் சேவை வழங்கும் முகமை ஒன்றைத் தொடங்க நினைப்பவர் முதலில் காகிதங்களோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. மாநில அரசின் உரிமம், பணியாளர்களின் குற்றப் பின்னணிச் சோதனை, மருந்து கொடுப்பதற்கான பயிற்சி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதப்படும் திட்டம் என்று பட்டியல் நீளும். இவற்றுக்கு நடுவே, பார்த்த மாத்திரத்தில் அற்பமாகத் தோன்றும் சில விதிகளும் உண்டு. குடியிருப்பவரின் அறைக்கதவை உள்ளிருந்து பூட்ட முடிய வேண்டும். சாவி அவரிடமும், தேவையான பணியாளரிடமும் மட்டுமே இருக்கலாம். எந்த நேரத்திலும் அவர் உணவை எடுத்துக்கொள்ளலாம். எந்த நேரத்திலும் விருந்தினரை அழைக்கலாம். யாரோடு அறையைப் பகிர்ந்துகொள்வது என்பதில் அவருக்குத் தெரிவு இருக்க வேண்டும்.

பசித்தவர் சாப்பிடலாம் என்று ஒரு நாட்டின் மத்திய அரசு விதி எழுதுவானேன்? சட்டம் ஒன்றை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறது என்றால், அதற்கு நேரெதிரானது நெடுங்காலம் நடந்திருக்கிறது என்று பொருள். அந்த நெடுங்காலத்தை ஒரே ஒரு நிறுவனத்தின் வழியாகப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். அது 1848இல் பாஸ்டன் நகரில் தொடங்கி, 2014இல் அருகிலுள்ள வால்தம் நகரில் முடிந்தது. கயவன் ஒருவன் தொடங்கிய நிறுவனமாக இருந்திருந்தால் இந்த வரலாற்றை எளிதாகக் கடந்து போயிருப்போம். தொடங்கியவர் நல்லவர் என்பதுதான் நம்மைத் தொந்தரவு செய்கிறது.

அவர் பெயர் சாமுவேல் கிரிட்லி ஹோவ். மருத்துவர், இளமையில் கிரேக்க விடுதலைப் போருக்குச் சென்று பணியாற்றியவர், அடிமை முறையை எதிர்த்தவர். பிற்காலத்தில் பெர்க்கின்ஸ் என்று பெயர் பெற்ற பார்வையற்றோர் பள்ளியின் முதல் இயக்குநர். பார்வையும் செவிப்புலனும் இழந்த லாரா பிரிட்ஜ்மன் என்ற சிறுமிக்கு விரல் வழியே மொழியைக் கற்பித்துக் காட்டி உலகை வியக்க வைத்தவர். ஹெலன் கெல்லருக்கு அரை நூற்றாண்டு முந்தைய நிகழ்வு இது. இவளுக்கே மொழி வந்தது என்றால் ‘இடியட்’ என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கல்வி வராதா என்பது ஹோவின் அடுத்த கேள்வியாயிற்று. அன்று அச்சொல் வசையாக மட்டுமல்ல, மருத்துவக் கலைச்சொல்லாகவும் வழங்கியது.

1846இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் இதை ஆராய ஒரு குழுவை அமர்த்தியது. ஹோவ் அதை வழிநடத்தினார். அந்தக் குழந்தைகள் ஏழை விடுதிகளிலும் வீடுகளின் இருண்ட மூலைகளிலும் கிடந்ததை ஊர் ஊராகச் சென்று பதிவு செய்தார்கள். பாரிஸில் எட்வர் செகன் அத்தகைய குழந்தைகளுக்குக் கற்பித்து வெற்றி கண்டிருந்த செய்தி அவர்களுக்கு ஊக்கம் தந்தது. சட்டமன்றம் ஆண்டுக்கு 2,500 டாலர் வீதம் 3 ஆண்டுகளுக்கு ஒதுக்கியது. 10 குழந்தைகளுடன் 1848 அக்டோபரில் சோதனைப் பள்ளி தொடங்கியது. அமெரிக்காவில் அரசுப் பணத்தில் இயங்கிய இவ்வகைப் பள்ளிகளில் இதுவே முதலாவது.

ஹோவின் கருத்தில் அது பள்ளிதான், புகலிடம் அன்று. குழந்தை வரும், கற்கும், வீடு திரும்பும். பாதை இருவழிப் பாதை. ஆனால் கற்றுத் தேறியவர்களை வரவேற்க எல்லா வீடுகளும் காத்திருக்கவில்லை; ஊரில் வேலையும் இல்லை. இன்னொரு பக்கம், கடுமையான குறைபாடுடைய பிள்ளைகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பெற்றோர் மன்றாடினார்கள். பள்ளி மெல்லப் பெருத்தது. இந்த ஆபத்தை முதலில் கண்டுகொண்டவர்களில் ஹோவும் ஒருவர் என்பது கவனிக்கத்தக்கது. 1866இல் நியூயார்க் மாநிலத்தின் பட்டேவியாவில், பார்வையற்றோருக்கான ஒரு புதிய கட்டடத்தின் அடிக்கல் நாட்டு விழாவுக்கு அவரை அழைத்திருந்தார்கள். இத்தகைய நிறுவனங்கள் இயல்புக்கு மாறானவை, முறைகேட்டுக்கு இடம் தருபவை. எனவே எண்ணிக்கையில் குறைவாகவும் அளவில் சிறியனவாகவும் இருக்க வேண்டும். ஒரே குறைபாடு உடையவர்களை ஓரிடத்தில் குவிக்காமல் ஊரோடு கலந்து வாழ விடவேண்டும் என்று அந்த மேடையிலேயே அவர் பேசினார். அடிக்கல் நாட்ட வந்தவர் கட்டடமே வேண்டாம் என்ற தொனியில் பேசினால் கூட்டத்துக்கு எப்படி இருந்திருக்கும்! அந்தப் பேச்சைச் செயலாக்க நாட்டுக்கு ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

1876இல் ஹோவ் மறைந்தார். 1887இல் வால்டர் ஃபெர்னால்ட் கண்காணிப்பாளர் ஆனார். அவர் காலத்தில் நிறுவனம் வால்தமின் பரந்த நிலத்துக்கு இடம் பெயர்ந்தது. பள்ளி என்ற பெயர் நீடித்தது. உள்ளே நடந்தது வேறு. சேர்ந்தவர்கள் ஆயுள் முழுவதும் தங்கினார்கள். ஓரளவு வேலை செய்யக்கூடியவர்கள் பண்ணையிலும் சலவைக்கூடத்திலும் உழைத்தார்கள். தம்மினும் நலிந்தவர்களைக் குளிப்பாட்டி ஊட்டினார்கள். செலவு குறைந்தது. செலவு குறையவே, நல்ல உழைப்பாளியை வெளியே அனுப்ப நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. தேறியவரே அதிகம் தேவைப்படுபவர் ஆகிவிடும் இந்த முரணில்தான் நிறுவனத்தின் வீழ்ச்சி இருந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. இதற்குத் தனியாக ஒரு தீயவர் தேவைப்படவில்லை. வரவு செலவுக் கணக்கே போதுமானதாக இருந்தது.

பிறகு இனமேம்பாட்டுவாதம் வந்தது. அறிவுக் குறைபாடு பரம்பரையாகப் பரவும், குற்றமும் வறுமையும் அதனாலேயே பெருகும், ஆகவே இவர்களைப் பிரித்து வைப்பதே சமூகத்துக்குப் பாதுகாப்பு என்றது அக்கொள்கை. 1912இல் ஃபெர்னால்ட் இவர்களைச் சமூகத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணிக் கூட்டமாகச் சித்திரித்துப் பேசினார். ஆனால் அதே ஃபெர்னால்ட், வெளியேறிச் சென்றவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தேடிப் பார்த்து 1919இல் ஆய்வு ஒன்றை வெளியிட்டார். அவர்களில் பலர் யாருக்கும் தீங்கின்றி ஊரில் பிழைத்து வந்தார்கள். தம் பேச்சைத் தம் ஆய்வே பொய்யாக்க அனுமதித்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் மனிதர் மாறிய பிறகும் கட்டடம் மாறவில்லை. 1924இல் அவர் மறைய, மறு ஆண்டு நிறுவனத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. பின்னாளில் அங்கிருந்தோர் தொகை 2,500ஐ ஒட்டி உயர்ந்தது.

இந்த இடத்தில் பெயர்களைப் பற்றி ஒரு சொல். ‘இடியட்’ சிறார் பள்ளி, மனவலிமை குன்றியோர் பள்ளி, ஃபெர்னால்ட் அரசுப் பள்ளி, ஃபெர்னால்ட் வளர்ச்சி மையம் என்று வாயிற்பலகை மாறிக்கொண்டே வந்தது. 2010இல் ‘ரோசா சட்டம்’ அமெரிக்க மத்திய அரசின் பல சட்டங்களிலிருந்து ‘மென்டல் ரிட்டார்டேஷன்’ என்ற சொல்லையே நீக்கியது. தமிழிலும் மனவளர்ச்சி குன்றியோர் என்பதிலிருந்து அறிவுசார் மாற்றுத்திறனாளிகள் என்பது வரை நாம் நடந்து வந்திருக்கிறோம். சொல் மாற்றம் தேவைதான். ஆனால் பலகை மாறிய ஒவ்வொரு முறையும் கதவு திறந்ததா என்று கேட்டால், வால்தமின் வரலாறு இல்லை என்கிறது.

கதவு திறக்காததன் விலை 1993 டிசம்பரில்தான் ஊருக்குத் தெரிந்தது. 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும், உடல் இரும்பையும் சுண்ணாம்புச் சத்தையும் எப்படி உறிஞ்சுகிறது என்று அறிய எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஃபெர்னால்ட் பள்ளிச் சிறுவர்களுக்குக் கதிரியக்கச் சுவடு கலந்த ஓட்ஸ் கஞ்சியும் பாலும் கொடுத்திருந்தார்கள். குவேக்கர் ஓட்ஸ் நிறுவனமும் ஆதரவளித்த ஆய்வு அது. சிறுவர்களிடம் ‘அறிவியல் மன்றம்’ என்று சொல்லப்பட்டது. உறுப்பினருக்குக் கூடுதல் பால், பேஸ்பால் ஆட்டம் பார்க்கப் பயணம். பெற்றோருக்குப் போன கடிதத்தில் கதிரியக்கம் என்ற சொல்லே இல்லை. அளவு மிகச் சிறியது, உடல்நலக் கேடு நேர்ந்ததாகத் தெரியவில்லை என்றே பின்னர் விசாரணைக் குழு கூறியது. ஆயினும் 1998இல் 18.5 லட்சம் டாலர் இழப்பீடு தரப்பட்டது. அச்சிறுவர்களில் சிலர் அறிவுக் குறைபாடே இல்லாதவர்கள். போக்கிடமின்றி அங்கே வந்து சேர்ந்தவர்கள். ஓர் ஆட்டம் பார்க்க வெளியே போவதற்காகச் சிறுவன் எதற்கும் சம்மதிப்பான் என்றால், அந்த வளாகம் அவனுக்கு என்னவாக இருந்தது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இதற்கிடையில் பெற்றோர் விழித்துக்கொண்டிருந்தார்கள். 1950இல் மினியாபொலிஸ் நகரில் கூடித் தேசியச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். 1965 கிறிஸ்துமஸ் காலத்தில் பர்ட்டன் பிளாட் என்ற கல்வியாளர், இடைவாரில் மறைத்த கேமராவுடன் ஃப்ரெட் கப்லான் என்ற புகைப்படக்காரரை அழைத்துக்கொண்டு சில விடுதிகளுக்குச் சென்றார். மறு ஆண்டு வெளிவந்த அப்படங்களில் வெறுந்தரையில் ஆடையின்றிக் கிடந்த மனிதர்களை நாடு பார்த்தது. 1972இல் மாசசூசெட்ஸின் பெல்ச்சர்டவுன் விடுதியில் மகனை வைத்திருந்த பெஞ்சமின் ரிச்சி என்ற தந்தை வழக்குத் தொடுத்தார். நீதிபதி ஜோசப் டாரோ விடுதிகளை நேரில் சென்று பார்த்தார். ஃபெர்னால்டும் அந்த வழக்கு வரிசைக்குள் வந்தது. நீதிமன்றக் கண்காணிப்பு 1993 வரை நீடித்தது.

இடிப்பதற்கு வழக்குப் போதும். கட்டுவதற்கு மாதிரி வேண்டும். அது நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹாவில் பிறந்தது. பெற்றோரும் சில அறிஞர்களும் முயன்று 1970இல் 5 மாவட்டங்களுக்குப் பொதுவாக ‘என்கோர்’ என்ற முகமையைத் தொடங்கினார்கள். திட்டமிட்டவர்களில் உல்ஃப் உல்ஃபென்ஸ்பெர்கரும் ஒருவர். ஸ்காண்டிநேவியாவில் உருவான ‘இயல்பு வாழ்வு’க் கொள்கையை அமெரிக்காவுக்கு ஏற்ப விரித்துரைத்தவர் அவர். பெரிய வளாகத்துக்கு மாற்று சின்ன வளாகம் அன்று என்பது இம்முயற்சியின் சாரம். எல்லாரையும் போல இவர்களும் ஓரிடத்தில் உறங்கி, வேறோரிடத்தில் வேலை செய்து, இன்னோரிடத்தில் பொழுது போக்க வேண்டும். வீடு, வேலை, மருத்துவம், பொழுதுபோக்கு எல்லாம் ஒரே கையில் இருந்தால் அந்தக் கை எவ்வளவு அன்பானதானாலும் அது சிறைதான்.

பணத்தின் வழியும் மாற வேண்டியிருந்தது. வறியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான மெடிகெய்ட் மருத்துவ உதவித் திட்டம் அதுவரை விடுதிக்கே தாராளமாகக் கொடுத்தது. 1981இல் வந்த சட்டத் திருத்தம், அதே பணத்தை வீட்டிலும் ஊரிலும் தரப்படும் சேவைக்குச் செலவிட மாநிலங்களுக்கு வழிவிட்டது. இன்றைய முகமைகளில் பெரும்பாலானவை இந்த ஊற்றில்தான் பிழைக்கின்றன. இந்நிதி சேவைக்கு மட்டுமே. வாடகையும் சாப்பாட்டுச் செலவும் பொதுவாகக் குடியிருப்பவரின் சொந்த உதவித்தொகையிலிருந்து போகின்றன. ஆக, அவர் அங்கே வெறும் பராமரிக்கப்படுபவர் அல்லர், வாடகை கொடுப்பவர்.

அப்படியானால் சிறிய வீடும் நல்ல உள்ளமும் போதுமா? பிரான்சில் ஜான் வானியே 1964இல் தொடங்கிய ‘லார்ஷ்’ இல்லங்கள் பல நாடுகளில் பரவின. குறைபாடு உடையவரும் இல்லாதவரும் ஒரே கூரையின் கீழ் வாழும் அந்த வாழ்வை உலகம் போற்றியது. 2019இல் வானியே மறைந்தார். அடுத்த ஆண்டே, லார்ஷ் அமைப்பு தானே ஏற்பாடு செய்த விசாரணை, ஆன்மிக வழிகாட்டல் என்ற பெயரில் அவர் பெண்களிடம் பாலியல் அத்துமீறல் புரிந்ததை வெளிக்கொணர்ந்தது. அப்பெண்கள் குறைபாடு உடையவர்கள் அல்லர், இல்லங்களும் பொய்யாகிவிடவில்லை. எனினும் கேள்விக்கு அப்பாற்பட்ட நிறுவனர் என்பவர் மதில் சுவரைப் போலவே ஆபத்தானவர் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

இப்போது தொடக்கத்தில் சொன்ன சின்ன விதிகளுக்குத் திரும்பலாம். அவை 2014 ஜனவரியில் வெளியாயின. முழுமையாக நிறைவேற்ற 2023 மார்ச் வரை அவகாசம் தரப்பட்டது. பூட்டு, உணவு, விருந்தினர் போன்றவற்றில் ஒருவருக்கு வரம்பு விதிப்பதானால் அவருக்கு அது ஏன் தேவை என்பதை அவருடைய திட்டத்தில் எழுதி, அவரது ஒப்புதலைப் பெற வேண்டும். ‘இது எங்கள் விடுதி விதி’ என்று பொதுவாகச் சொல்ல முடியாது. குடியிருப்பவரைச் சட்டப்படியான வாடகைதாரருக்கு ஒப்பாக நடத்த வேண்டும். பொதுவாக, ஒருவருக்குச் சேவை அளிக்கும் முகமையே அவருக்கான திட்டத்தை வகுக்கவும் கூடாது. அதே 2014ஆம் ஆண்டு நவம்பரில் ஃபெர்னால்டின் கடைசிக் குடியிருப்பாளர் வெளியேறினார். இரண்டும் ஒரே ஆண்டில் நேர்ந்தது தற்செயல்தான்.

இந்த விதிகள் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. நேரடியாகப் பராமரிக்கும் பணியாளரின் ஊதியம் இன்றும் குறைவு. அவர்கள் அடிக்கடி விலகிச் செல்கிறார்கள். நேற்று வந்தவருக்கு, வாய் பேசாத ஒருவரின் விருப்பம் எப்படித் தெரியும்? ஆள் போதாத வீட்டில் நால்வரும் ஒரே நேரத்தில் உண்ண வேண்டும், ஒரே நேரத்தில் உறங்க வேண்டும் என்ற நிலை தானாகவே வந்துவிடும். 1880களில் வந்ததும் அப்படித்தான்.

ஆகவே முகமை தொடங்க முனைவோர் தம் நல்லெண்ணத்தை மட்டும் உரைகல்லாகக் கொள்ள இயலாது. ஹோவிடம் இல்லாத நல்லெண்ணமா? இங்கிருப்பவர் நாளை வேறிடம் போக விரும்பினால் போக முடியுமா, அவர் போனால் நம் கணக்கு என்னாகும், முன்னறிவிப்பின்றி வெளியார் வந்தால் உள்ளே விடுவோமா என்று வாயில் திறக்கும் முன்பே கேட்டுக்கொள்வது நலம்.

வால்தமில் மெட்ஃபெர்ன் என்றொரு சிறிய இடுகாடு இருக்கிறது. ஃபெர்னால்டிலும் அருகிலிருந்த மனநல மருத்துவமனையிலும் இறந்தவர்களில் 300 பேருக்கு அருகில் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். கற்களில் பெயர் இல்லை. கத்தோலிக்கரா, புராட்டஸ்டண்டா என்று குறிக்கும் ஓர் எழுத்து, ஓர் எண், அவ்வளவே. அண்மைக் காலத்தில் அவ்வூர்ப் பள்ளி மாணவர்கள் பழைய ஆவணங்களைத் துருவி, அந்த எண்களுக்கு உரிய பெயர்களையும் வாழ்க்கைகளையும் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வருகிறார்கள். பள்ளி என்று சொல்லித் தொடங்கிய நிறுவனத்தில் வாழ்ந்து மடிந்தவர்களை, கடைசியில் பள்ளிப் பிள்ளைகளே பெயர் சொல்லி அழைக்கிறார்கள்.