ஆர்க்டிக்கைப் பாடந்தோறும் கற்பித்தல்: தொடக்க வகுப்புகளுக்கு ஓர் அளவுகோல்

முன்னுரை

ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு அதைப் பல பாடங்களின் வழியே நடத்தும் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1918இல் செயல்திட்ட முறையை விளக்கி எழுதிய நாள்முதல், தொடக்கக் கல்வியில் அது பல வடிவங்களில் தொடர்கிறது. அம்முறையைக் கையாளும் ஆசிரியர்கள் விரும்பி எடுக்கும் கருப்பொருள்களில் ஆர்க்டிக்கும் ஒன்று. ஆனால் அது வகுப்புக்குள் வரும் விதம் கவலை தருகிறது. கணக்கு நேரத்தில் துருவக்கரடிகளை எண்ணுகிறார்கள். மொழி நேரத்தில் ‘துருவக்கரடி’ என்று எழுதுகிறார்கள். ஓவிய நேரத்தில் பஞ்சு ஒட்டிக் கரடி செய்கிறார்கள். வாரம் முடிகையில் குழந்தைக்குக் கரடி பழகியிருக்கும். ஆர்க்டிக் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது.

இதைத் தவிர்க்க இக்கட்டுரை எளிய அளவுகோல் ஒன்றை முன்வைக்கிறது. பாடத்திலிருந்து கரடியை எடுத்துவிட்டு யானையை வைத்துப் பார்க்க வேண்டும். பாடம் அப்படியே நின்றால், அங்கே ஆர்க்டிக் வெறும் அலங்காரம். பாடம் குலைந்தால்தான் ஆர்க்டிக் கற்பிக்கப்படுகிறது என்று பொருள். இதை ‘மாற்றுச் சோதனை’ என்று அழைக்கலாம்.

கணக்கு: காக்டோவிக் எண்கள்

கணக்குப் பாடத்தில் இச்சோதனையைத் தாங்கும் பொருள் கிடைக்குமா என்ற ஐயம் எழுவது இயல்பு. அலாஸ்காவின் வடகரையில், போஃபோர்ட் கடலோரத்தில் உள்ள காக்டோவிக் என்னும் சிற்றூர் அதற்கு விடை தருகிறது. அங்குள்ள இனுபியாக் மக்களின் மொழி இருபது இருபதாக எண்ணுவது. கைவிரல்களோடு கால்விரல்களையும் சேர்த்த கணக்கு அது. இருபதுக்குள் ஐந்து ஐந்தான உட்பிரிவும் உண்டு. பத்தை அடிமானமாகக் கொண்ட எண்குறிகளில் இந்த எண்ணுமுறையை எழுதுவது கடினமாக இருந்தது. 1994இல் அவ்வூர்ப் பள்ளியின் நடுநிலை வகுப்பு மாணவர்கள், ஆசிரியரின் துணையோடு, தங்கள் மொழிக்கு ஏற்ற எண்குறிகளைத் தாங்களே உருவாக்கினார்கள். 2022இல் அவை கணினி எழுத்துக்குறித் தரமான யூனிகோடின் 15.0 பதிப்பில் இடம்பெற்றன.

அந்தக் குறிகளின் அமைப்பு தெளிவானது. ஒன்று முதல் நான்கு வரை கீழே நெடுங்கோடுகள். ஒவ்வோர் ஐந்துக்கும் மேலே ஒரு குறுக்குக்கோடு. ஆறு என்பது மேலே ஒன்று, கீழே ஒன்று. ஏழு என்பது மேலே ஒன்று, கீழே இரண்டு. இரண்டையும் சேர்த்தால் மேலே இரண்டு, கீழே மூன்று, அதுவே பதின்மூன்று. மூன்றாம் வகுப்புக் குழந்தை ஈர்க்குச்சிகளை அடுக்கியே இந்தக் கூட்டலைச் செய்து பார்க்கலாம். அடுத்து ஒன்றின் குறியையும் பூச்சியத்தின் குறியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டி, ‘இங்கே இதன் மதிப்பு ஏன் பத்தாக இல்லாமல் இருபதாக இருக்கிறது?’ என்று ஆசிரியர் கேட்கலாம். இடமதிப்பு என்பது மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடு என்ற கருத்து அப்போதுதான் குழந்தைக்குப் புலப்படும். இப்பாடத்தில் யானைக்கு இடமில்லை. கணக்கு இங்கே ஆர்க்டிக் மக்களின் சிந்தனையைக் கற்பிக்கிறது. அந்தச் சிந்தனை கணக்கை ஆழப்படுத்துகிறது.

அறிவியல்: கேள்வியிலிருந்து தொடங்குதல்

அறிவியலில் பொருளுக்குப் பஞ்சமில்லை. தேர்வில்தான் கவனம் தேவை. அலாஸ்காவின் உட்கியாக்விக் நகரம் 71 டிகிரி வட அட்சத்துக்குச் சற்று மேலே உள்ளது. அங்கே நவம்பர் நடுவில் மறையும் சூரியன் ஜனவரி பிற்பகுதியில்தான் மீண்டும் எழுகிறது. இதைத் தகவலாகச் சொல்லிவிட்டால் குழந்தை வியக்கும், பிறகு மறக்கும். சாய்ந்த அச்சுள்ள உலக உருண்டையின் மேல், வடமுனை ஒளியிலிருந்து விலகிச் சாய்ந்திருக்கும்படி டார்ச் ஒளியைப் பாய்ச்சி, உருண்டையை முழுச்சுற்று சுற்றினாலும் வடமுனை இருட்டிலேயே இருப்பதைக் குழந்தை கண்டுவிட்டால், காரணம் அதன் வசமாகிவிடும்.

இரண்டு கண்ணாடிக் குவளைகள் இன்னொரு பாடத்துக்குப் போதும். ஒன்றில் தண்ணீர் ஊற்றிப் பனிக்கட்டியை மிதக்கவிட வேண்டும். மற்றதில் தண்ணீருக்கு மேல் தலைநீட்டும் கல்லின் மீது பனிக்கட்டியை வைக்க வேண்டும். இரண்டிலும் நீர்மட்டத்தைப் பேனாவால் குறித்துவிட்டுக் காத்திருந்தால், முதல் குவளையில் மட்டம் கோட்டிலேயே நிற்கிறது; இரண்டாவதில் கோட்டைத் தாண்டுகிறது. ஆர்க்டிக்கின் நடுப்பகுதி கடல். அதன் மேல் மிதப்பது கடற்பனி. அது உருகுவதால் கடல்மட்டம் ஏறத்தாழ மாறுவதில்லை. கிரீன்லாந்தின் நிலத்தின் மேல் கிடக்கும் பனிப்படலமோ முற்றிலும் உருகினால் உலகக் கடல்மட்டத்தைச் சுமார் 7 மீட்டர் உயர்த்தும். பெரியவர்களே அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இந்த வேறுபாட்டை எட்டு வயதுக் குழந்தை தன் கண்ணால் கண்டு தெளிகிறது.

கலையும் சமூகமும்: மனிதர்கள் இல்லாத பனி இல்லை

பனியும் விலங்கும் மட்டுமே உள்ள ஆர்க்டிக் பொய்யான ஆர்க்டிக். அங்கே சுமார் 40 லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். பனிவீட்டைக் கற்பிக்கும் பாடத்தில் இது முதலில் சொல்லப்பட வேண்டும்: ஆர்க்டிக்கின் பழங்குடிகளான இனுயிட் மக்கள் இன்று நம்மைப் போலவே வீடுகளில் வாழ்கிறார்கள்; பனிவீடு அவர்களில் சில பகுதியினர் குளிர்காலத்துக்கும் வேட்டைப் பயணத்துக்கும் கட்டியது. அதன்பின் அதன் பொறியியலுக்குள் செல்லலாம். காற்றால் இறுகிய பனியைக் கட்டிகளாக அறுத்து, சுருள்வட்டமாக உள்நோக்கிச் சாய்த்து அடுக்குகிறார்கள். வாசல் தாழ்வாகவும் படுக்கைமேடை உயரமாகவும் இருப்பதால் குளிர்காற்று கீழே தங்கிவிடுகிறது. பனிக்குள் சிறைப்பட்ட காற்று வெப்பத்தை வெளியே விடுவதில்லை.

ஓவிய வகுப்புக்குக் கனடாவின் நுனாவுட் பகுதியிலுள்ள கிங்காயிட் ஊரைச் சேர்ந்த இனுயிட் ஓவியர் கெனோஜுவாக் அஷெவாக் (1927–2013) இருக்கிறார். அவரது ‘மாய ஆந்தை’ (1960) கல்லில் செதுக்கி அச்சிட்ட படைப்பு. 1970இல் கனடா அதை அஞ்சல்தலையாக வெளியிட்டது. உருளைக்கிழங்கைச் செதுக்கி வண்ணம் தோய்த்து அச்சிடும் குழந்தை, மேடான பகுதி மட்டுமே மையை ஏற்கும் என்ற அதே நுட்பத்தைக் கையாள்கிறது. பஞ்சுக்கரடிக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

நான்காம், ஐந்தாம் வகுப்பில் வரலாற்றையும் தொடலாம். ஆர்க்டிக்கின் பல பகுதிகளில் தாய்மொழியில் பேசியதற்காகப் பள்ளிகளில் குழந்தைகள் தண்டிக்கப்பட்டார்கள். கனடா அரசு, பழங்குடிக் குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளிகளில் நடந்த கொடுமைகளுக்காக 2008இல் மன்னிப்புக் கேட்டது. இதை அறிந்த குழந்தைக்குத்தான், காக்டோவிக் மாணவர்கள் ஒரு பள்ளி அறைக்குள்ளேயே தங்கள் மொழிக்கு எண்குறி படைத்ததன் முழு மதிப்பும் விளங்கும்.

இரண்டு மறுப்புகள்

பருவநிலை மாற்றத்தைச் சொல்லிப் பிஞ்சு மனங்களை அச்சுறுத்தலாகாது என்பது முதல் மறுப்பு. சூழல் கல்வியாளர் டேவிட் சோபல் 1996இல் வெளிவந்த தம் நூலில், நான்காம் வகுப்புக்கு முன் சூழலியல் பேரழிவுகளைக் கற்பிக்க வேண்டாம் என்று வாதிட்டார். அழிவிலிருந்து பாடத்தைத் தொடங்கலாகாது என்பதை ஏற்கலாம்; காரணத்தை மறைக்க வேண்டும் என்பது அதிலிருந்து பெறப்படாது. வெயிலில் விரித்த வெள்ளைத் துணியையும் கறுப்புத் துணியையும் தொட்டுப் பார்ப்பதில் அச்சம் ஏதுமில்லை. பனி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, கருநிறக் கடல்நீர் அதை விழுங்குகிறது என்ற அறிவு இரண்டாம் வகுப்பிலேயே விதைக்கத்தக்கது. 1979க்குப் பின் ஆர்க்டிக் உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாக வெப்பமடைந்ததையும், 2012 செப்டம்பரில் கடற்பனிப் பரப்பு சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியதையும் மேல்வகுப்பில் அந்த வித்தின் மீது வளர்க்கலாம். ஒரே கருத்தை மேல்வகுப்புகளில் மீண்டும் எடுத்து ஆழப்படுத்தும், கல்வி உளவியலாளர் புரூனர் வலியுறுத்திய சுருள்முறைக் கலைத்திட்டம் இதற்கு ஏற்றது.

இவ்வளவு தொலைவான இடம் நம் குழந்தைக்கு எதற்கு என்பது இரண்டாம் மறுப்பு. நார்வேயின் கோங்ஸ்ஃபியோர்டன் கடற்கழியில் 2014இல் இந்தியாவின் ‘இண்டார்க்’ என்னும் ஆய்வுநிலையம் நீருக்கடியில் நிறுத்தப்பட்டது. ஆர்க்டிக் கடலுக்கும் நம் பருவமழைக்கும் உள்ள உறவை ஆராய்வது அதன் நோக்கங்களில் ஒன்று. அதை வடிவமைத்ததில் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. நம் அறிவியலாளர்கள் கடந்த தொலைவை நம் வகுப்பறை கடக்க அஞ்ச வேண்டியதில்லை.

முடிவுரை

எல்லாப் பாடங்களையும் ஆர்க்டிக்கில் கோத்துவிட வேண்டும் என்ற கட்டாயம் ஆசிரியருக்கு வேண்டாம். மாற்றுச் சோதனையில் தேறாத பாடத்தை அந்த வாரம் அதன் போக்கிலேயே நடத்துவதுதான் நேர்மை. தேறிய மூன்று பாடங்கள் ஆழமாக நடந்தால் போதும். பெயரளவில் இணைந்த ஏழு பாடங்களைவிட அவை அதிகம் கற்பிக்கும். பயிற்சி நிறுவனங்கள் ஒருங்கிணைந்த பாடத்திட்டங்களை மதிப்பிடும்போது எத்தனை பாடங்கள் இணைந்தன என்று எண்ணுவதை விட்டு, அந்த இடத்தையும் அதன் மக்களையும் பற்றிக் குழந்தை என்ன அறிந்துகொண்டது என்று கேட்கத் தொடங்க வேண்டும்.